விழிக்கத் தாமதித்த கணனி
பதுக்கு நினைவகம் பற்றிய ஒரு பாடம்



எமது பாடசாலையின் பண்ட அலுமாரியில், கோலாட்டக் கோல்களுக்கும் நாடக உடுப்புகளுக்கும் நடுவே, மஞ்சள் பூத்த ஒரு பழைய 486 கணனி இருப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1994ஆம் ஆண்டு தொடக்கம் ஆறு ஆண்டுகள் எமது விழா மலர்கள் அக்கணனியிலேயே தட்டெழுதப்பட்டுப் பக்கம் அமைக்கப்பட்டன. பழைய மலர்களிலிருந்து தெரிந்தெடுத்த ஆக்கங்களைத் தொகுத்து வெளியிட விழாக்குழு தீர்மானித்தபோது, 1995, 1997 ஆகிய இரு மலர்களின் அச்சுப் பிரதி எவரிடமும் இல்லை என்பது தெரியவந்தது. எஞ்சியிருந்த ஒரே பிரதி அக்கணனியின் வன்தட்டில் இருந்தது.

கணனியை இயக்கினோம். இயங்கியது, ஆனால் ஆமை வேகத்தில். ஆளியை அழுத்தியது முதல் மலரின் கோப்பைத் திறக்கக்கூடிய திரை தோன்றும் வரை 6 நிமிடம் 40 செக்கன் ஆயிற்று. "வன்தட்டு சாகப்போகிறது" என்றார் ஒரு பெற்றோர். தரவுகளை மீட்டுத்தரும் நிறுவனம் ஒன்றிடம் விசாரித்தபோது, அவர்கள் கேட்ட தொகை எம்மைத் திகைக்க வைத்தது. வேறொருவர் கணனியை எறிந்துவிடலாம் என்றார். மேற்பிரிவு மாணவர் இருவரும் நானும் ஒரு சனிக்கிழமை பிற்பகலை அதனுடன் கழித்தோம். அன்று அறிந்ததைப் பாடமாகச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில், கணனி எவ்வாறு விழிக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். மின்சாரம் பாய்ந்தவுடன் செயலிக்கு எதுவுமே தெரியாது. வன்தட்டு என்றொரு பொருள் இருப்பதும் தெரியாது. பிரதான நினைவகம் எவ்வளவு என்பதும் தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில், மின்சாரம் நின்றாலும் அழியாத வகையிற் பதிக்கப்பட்ட கட்டளைத் தொடர் ஒன்று உண்டு. அதனையே நிலைப்பொருள் என்கிறோம். இத்தகைய கணனிகளில் அதன் பெயர் பயோஸ். செயலி தன் முதற் கட்டளையை அச்சில்லிலிருந்தே பெறுகின்றது. இன்ரெல் 486 செயலி எட்டக்கூடிய முகவரிகள் 4 கிகாபைற் வரை நீளும். அந்த எல்லைக்கு 16 பைற்றுகள் கீழேயுள்ள முகவரியே அதன் முதற் படி. அங்கிருந்து நிலைப்பொருள் நினைவகத்தை எண்ணிச் சோதித்து, விசைப்பலகையையும் தட்டுகளையும் தேடிக் கண்டு, இறுதியில் வன்தட்டில் உள்ள இயக்க முறைமையிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. ஆகவே ஒரு கணனி தாமதமாக விழிக்கின்றது என்றால், அத்தாமதம் ஒப்படைப்புக்கு முன் நிகழ்ந்ததா பின் நிகழ்ந்ததா என்பதே முதற் கேள்வி.

அடுத்து, பதுக்கு நினைவகம். ஆங்கிலத்தில் கேஷ் எனப்படும் சொல், மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதுக்கு என்றவுடன் பெற்றோர் சிலருக்கு அரிசிப் பதுக்கலும் கூப்பன் வரிசையும் நினைவுக்கு வரக்கூடும். இது அத்தகைய தீய பதுக்கல் அன்று. மெல்பேணில் எமது வீடுகளை எண்ணிப் பாருங்கள். மிளகாய்த்தூள்ப் பை கராஜில் இருக்கும். அடுப்பருகே ஒரு சிறு போத்தல் இருக்கும். அம்மா கறி சமைக்கும்போது கராஜுக்கு ஓடுவதில்லை. போத்தலில் இருந்தே எடுக்கிறார். போத்தல் வெறுமையானால் மாத்திரம் கராஜுக்குச் சென்று அதனை நிரப்பி வருகிறார். கராஜ் பிரதான நினைவகம். போத்தல் பதுக்கு நினைவகம். ஒரே கட்டளைகளைச் செயலி மீண்டும் மீண்டும் கேட்பதனாலேயே இவ்வேற்பாடு பயன் தருகின்றது. ஒரு கறிக்கு ஒரு தூளை ஒரே ஒரு முறை மாத்திரம் இடுவதாயின் போத்தல் தேவைப்படாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் எட்சாக் என்னும் கணனியை இயக்கிக் காட்டிய மொரிஸ் வில்க்ஸ், இக்கருத்தை 1965இல் ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். அவர் இதற்கு இட்ட பெயர் அடிமை நினைவகம். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360, மாதிரி 85 என்னும் பெருங்கணனியில் இது விற்பனைப் பொருளாயிற்று. இருபது ஆண்டுகளின் பின், 1989இல் வெளிவந்த 486 செயலி, 8 கிலோபைற் பதுக்கு நினைவகத்தைத் தன் சில்லின் உள்ளேயே கொண்டிருந்தது. அதற்கு முந்திய 386இன் உள்ளே அவ்வாறு எதுவும் இல்லை.

இதனால் விளையும் பயனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். எமது கணனியின் செயலி 66 மெகாஹேட்ஸ் வேகமுடையது. அதன் ஒரு துடிப்பு ஏறத்தாழ 15 நனோசெக்கன். பதுக்கு நினைவகத்தில் இருப்பதை அது ஒரே துடிப்பிற் பெறும். பிரதான நினைவகத்திலிருந்து பெறுவதாயின், பாதி வேகத்தில் ஓடும் வெளிப்பாதையைக் கடந்து சென்று காத்திருந்து திரும்ப வேண்டும். இதனை 150 நனோசெக்கன் எனக் கொள்வோம். நூறு வேண்டுகோள்களில் 95 பதுக்கு நினைவகத்திலேயே கிடைத்தால், சராசரி நேரம் 14.25 உம் 7.5 உம் சேர்ந்து 21.75 நனோசெக்கன். பதுக்கு நினைவகம் இல்லையேல் ஒவ்வொன்றுக்கும் 150. ஏறக்குறைய ஏழு மடங்கு வேறுபாடு! உண்மையான கணனியில் வேறு பல காரணிகளும் உண்டாகையால் இவ்வெண் சற்று ஏறலாம், இறங்கலாம். ஆயினும் ஒரு பழுதும் இல்லாத கணனி ஒன்று, ஓர் அமைப்பு மாறியதனால் மாத்திரம் இத்துணை மந்தமாகக் கூடும் என்பதை மனத்திற் கொள்க.

பலரும் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. செயலி பிறக்கும்போதே பதுக்கு நினைவகத்தைப் பயன்படுத்துவதில்லை. அதன் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் பதுக்கலை முடக்குகின்ற இலக்கம் ஒன்று, மின்சாரம் வந்தவுடன் 1 என்றே நிற்கும். நிலைப்பொருள் அதனை 0 ஆக மாற்றினாலன்றிப் பதுக்கு நினைவகம் தொழிற்படாது. தொடக்கத்தில் அதனுள் இருப்பவை வெறும் குப்பை. ஆகையால் முதலில் அதனைத் துப்புரவு செய்த பின்னரே நம்ப வேண்டும். அதற்காகவே இவ்வேற்பாடு. நிலைப்பொருள் அந்த இலக்கத்தை மாற்ற மறந்தாலோ, மாற்ற வேண்டாம் என்று எவரேனும் அதற்குச் சொல்லிவைத்திருந்தாலோ, கணனி எவ்விதப் பிழைச் செய்தியும் காட்டாது. மெதுவாக நடக்கும், அவ்வளவே.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

எதையும் தொடுமுன் வன்தட்டைக் கழற்றி, ஒரு மாற்றி மூலம் இக்காலக் கணனி ஒன்றுடன் இணைத்து, அதன் 420 மெகாபைற் முழுவதையும் பிரதி எடுத்தோம். இதனைச் செய்யாது பயோஸ் அமைப்புகளில் கை வைத்தல் ஆபத்து. அக்கால அமைப்புத் திரையில் வன்தட்டின் உருளைகள், தலைகள், துண்டங்கள் எத்தனை என்னும் எண்களும் இருக்கும். அவற்றைத் தவறாக இட்டு எழுதினால் இருப்பதும் அழியலாம். பிரதி எடுத்ததில் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. சாகப்போவதாகச் சொல்லப்பட்ட தட்டு ஒரு பிழையும் இன்றிச் சில நிமிடங்களில் முழுமையாக வாசிக்கப்பட்டுவிட்டது! அப்படியாயின் கணனி ஏன் இன்னும் தேவை என்று கேட்பீர்கள். கோப்புகள் கைக்கு வந்தனவாயினும், அக்காலப் பக்க அமைப்பு மென்பொருளோடும் எழுத்துருவோடும் பக்கங்களை உள்ளபடி கண்டு அச்சிடுவதற்கு அக்கணனியே எமக்கு எளிய வழியாக இருந்தது.

வன்தட்டு மேசையில் இருக்க, அது இல்லாமலே கணனியை இயக்கினோம். திரையில் நினைவக எண்ணிக்கை ஓடியது. 16,384 கிலோபைற் வரை எண்ணி முடிக்க 58 செக்கன். மாணவர்களே, இந்தச் சோதனையை நன்கு கவனியுங்கள். தட்டு இணைக்கப்படவே இல்லை. ஆயினும் மந்தம் அப்படியே இருக்கின்றது. எனவே குற்றவாளி தட்டு அன்று. ஒப்படைப்புக்கு முன்பே நேரம் விரயமாகின்றது.

அடுத்து எமது ஐயம் முகப்பில் உள்ள ரேர்போ பொத்தானில் விழுந்தது. மிக வேகமாக ஓடினால் பழைய விளையாட்டுகள் கட்டுக்கடங்கா என்பதற்காகக் கணனியை வேண்டுமென்றே மந்தமாக்கும் பொத்தான் இது. சில தாய்ப்பலகைகளில் இது பதுக்கு நினைவகத்தையே அணைத்துவிடும். அழுத்தினோம், விடுவித்தோம், மீண்டும் அழுத்தினோம். மாற்றம் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், பொத்தானின் கம்பி தாய்ப்பலகையில் எங்கும் பொருத்தப்படவே இல்லை. இத்தனை ஆண்டுகளும் அதனை அழுத்தி வேகம் கூடியதாக மகிழ்ந்தவர்கள் எத்தனை பேரோ!

துப்புத் துலக்கியவர் மாணவர்களில் இளையவர். தட்டை மீண்டும் பூட்டி டொஸ் வரை வந்து திகதியைக் கேட்டபோது அவர் சொன்னார்: "மாமா, இதில 1984 மார்ச் எண்டு நிக்குது. அப்ப 486 வரவே இல்லையே?"

நல்ல கேள்வி. கணனியின் திகதியையும் அமைப்புகளையும் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு பற்றரி காத்து நிற்கின்றது. பற்றரி இறந்தால் அனைத்தும் மறந்துபோகும். அக்காலக் கணனிகள் பல 1980 ஜனவரி 1 இலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். எனவே 1984 மார்ச் என்பது பிழையான திகதி மாத்திரம் அன்று. பற்றரி மாற்றப்பட்டு நான்கு ஆண்டுகளும் சில வாரங்களும் ஆகின்றன என்னும் செய்தியும் ஆகும். பாடசாலையின் கணனிக் கொப்பியைப் புரட்டினோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் புதிய பற்றரி பொருத்தியதாகக் குறிப்பு இருந்தது. திகதியைச் சரிசெய்ய மாத்திரம் அவர் மறந்துவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவரது மறதியே எமக்கு விளக்காயிற்று.

கணனியை மீண்டும் தொடக்கி, டெல் விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் நுழைந்தோம். உட்பதுக்கு நினைவகம்: முடக்கம். வெளிப்பதுக்கு நினைவகம்: முடக்கம். நிழற்படுத்தல்: முடக்கம். நடந்தது தெளிவாயிற்று. பற்றரி மாற்றியவர், மறந்துபோன அமைப்புகளைத் தனித்தனியே இடத் தெரியாமல், பட்டியலில் இருந்த 'பாதுகாப்பான அமைப்பு' என்னும் தெரிவை ஏற்றிச் சேமித்துவிட்டார். பெயரைக் கேட்டால் எவரும் அதனையே தெரிவர். ஆனால் அது பழுதுபட்ட கணனியையும் எப்படியாவது எழுப்புவதற்கென அமைந்த தெரிவு. ஐயத்துக்குரிய அனைத்தையும், பதுக்கு நினைவகம் உட்பட, அணைத்துவிடுகின்றது.

நிழற்படுத்தல் என்பதையும் ஒரு சொல்லில் விளக்கிவிடுகிறேன். பயோஸ் சில்லு ஒரு தடவைக்கு ஒரு பைற் மாத்திரம் தரும்; நான்கு பைற் வேண்டுமாயின் நான்கு முறை கேட்க வேண்டும். ஆதலால் கட்டளைகளை முதலில் பிரதான நினைவகத்துக்குப் பிரதி செய்துகொண்டு, அங்கிருந்து நடத்துவது வழக்கம். அதுவே நிழற்படுத்தல். அதுவும் அணைந்திருந்தபடியால் எமது கணனி இரட்டைச் சுமையோடு நடந்துகொண்டிருந்தது.

மூன்றையும் ஒரே தடவையில் இயக்கிவிடலாம் என்று மாணவர்கள் துடித்தனர். நான் இணங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றின் பின்னும் நிறுத்தற் கடிகாரம். உட்பதுக்கு நினைவகத்தை இயக்கியவுடன் 58 செக்கன் எண்ணிக்கை 14 ஆக இறங்கியது. நிழற்படுத்தலை இயக்கியபோது எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஆளியை அழுத்தியதிலிருந்து ஒப்படைப்பு வரையான முழு நேரம் 32 செக்கனிலிருந்து 24 ஆயிற்று. தொடக்கத்தில் அது 91 ஆக இருந்தது. வெளிப்பதுக்கு நினைவகத்தை இயக்கியபோது எண்ணிக்கையில் ஒரு செக்கன் குறைந்தது. ஆனால் விண்டோஸ் தோன்றும் வேளையிற் கணனி உறைந்து நின்றது. மீண்டும் முயன்றோம், மீண்டும் உறைந்தது.

மூன்றையும் ஒருங்கே மாற்றியிருந்தால், 'பதுக்கு நினைவகத்தில் கை வைத்தது தவறு' என்று எண்ணிப் பழையபடியே விட்டிருப்போம். தனித்தனியே மாற்றியதால் எச்சில்லில் நோய் என்பது தெரிந்தது. செயலிக்கு வெளியே, தாய்ப்பலகையில் குழிகளிற் செருகப்பட்ட நினைவகச் சில்லுகள் அவை. கழற்றித் துடைத்துச் செருகியும் பயனில்லை. 1990களின் நடுப்பகுதியில் விற்கப்பட்ட சில 486 தாய்ப்பலகைகளில், உள்ளே எதுவுமே இல்லாத போலிச் சில்லுகள் ஒட்டப்பட்டு, பதுக்கு நினைவகம் இருப்பதாகப் பயோஸே பொய் சொன்னதும் உண்டு. எம்முடையவை போலி அல்ல, வெறும் முதுமை. அதனை அணைத்தே விட்டோம். 'பாதுகாப்பான அமைப்பு' என்னும் தெரிவு ஏன் இருக்கின்றது என்பதற்கும் இதுவே விடை.

முழுத் தொடக்கமும் 6 நிமிடம் 40 செக்கனிலிருந்து 1 நிமிடம் 35 செக்கனுக்கு வந்தது. அன்று மாலையே இரு மலர்களின் பக்கங்களையும் அச்சிட்டோம். மீட்பு நிறுவனத்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

இவையெல்லாம் பழைய கணனியின் கதை, இன்றைய கணனிக்கு என்ன தொடர்பு என்று மேல்வகுப்பு மாணவர் கேட்கலாம். சில்லுகள் மாறின; நோய் மாறவில்லை. இன்றைய தாய்ப்பலகைகளில் நிலைப்பொருள் பெரும்பாலும் தொடர்முறைப் பளிச்சு நினைவகச் சில்லில், சுருக்கப்பட்ட வடிவில் இருக்கின்றது. அச்சில்லு தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, பிற் பிற்றாகத் தருவது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் 8 பிற் கட்டளையும் 24 பிற் முகவரியும் முதலிற் செல்ல வேண்டும். ஒரு பைற் மாத்திரம் கேட்டால், 8 பிற் பெறுவதற்கு 40 பிற் நேரம் செலவாகும். பதுக்கு நினைவகம் இயங்கினால் செயலி 64 பைற்றுகளை ஒருங்கே கேட்கும். அப்போது ஒரு பைற்றுக்கு எட்டரைப் பிற் நேரமே செலவு. சுருக்கத்தை விரிக்கும் நிரல்கள் ஒவ்வொரு பைற்றாக வாசிப்பவை. எனவே பளிச்சு நினைவகப் பகுதியைப் பதுக்கலாம் என்று நிலைப்பொருள் குறித்துவைக்கத் தவறினால், விரித்தல் வேலை பல மடங்கு நீளும்.

அவ்வாறு குறிக்கும் இடங்கள், 1995இல் பென்ரியம் புறோ செயலியுடன் வந்த எம்.ரி.ஆர்.ஆர். என்னும் பதிவகங்கள். எந்த முகவரிப் பரப்பைப் பதுக்கலாம், எதனைப் பதுக்கலாகாது என்பது இவற்றில் எழுதப்படும். ஒவ்வொரு பரப்பின் அளவும் இரண்டின் அடுக்காக இருத்தல் வேண்டும் என்பது விதி. இதுவே தொல்லைக்கும் காரணம். 2000களின் பிற்பகுதியில், கணனிக்கு 4 கிகாபைற் நினைவகம் பூட்டிய சிலர் ஒரு விந்தையைக் கண்டனர். நினைவகம் கூடியதும் வேகம் குறைந்தது! சில நிலைப்பொருள்கள் நினைவகத்தின் மேல் நுனியைக் குறிக்காமல் விட்டிருந்தன. லினக்ஸ் அந்நுனியிலிருந்தே இடம் எடுக்க, அங்குள்ள வேலை அனைத்தும் பதுக்கலின்றி நடந்தது. நினைவகத்தைக் குறைத்துப் பயன்படுத்தும்படி லினக்ஸிடம் சொன்னால் வேகம் திரும்பியது. பின்னர் வந்த லினக்ஸ், குறிக்கப்படாத பகுதியைக் கண்டால் அதனைக் கைவிட்டு, இத்தனை மெகாபைற் இழக்கப்பட்டது என எச்சரிக்கையும் விடுக்கின்றது.

1999இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரிற் தொடங்கி, 2008இல் கோர்பூட் எனப் பெயர் மாறிய திறந்த நிலைப்பொருளில், இத்தகைய தாமதத்தைத் தேடுவதற்கு நிறுத்தற் கடிகாரம் தேவையில்லை. செயலியின் துடிப்பெண்ணியை ஒவ்வொரு கட்டத்திலும் அதுவே குறித்துவைக்கும். கணனி எழுந்தபின் அப்பட்டியலைப் பார்த்தால், விரித்தல் என்னும் ஒரு வரிக்கு எதிரே மாத்திரம் நேரம் குவிந்திருப்பதைக் காணலாம். நாம் கைக்கடிகாரத்தாற் செய்ததை அது தன் துடிப்பாற் செய்கின்றது.

மேல்வகுப்பு மாணவர்கள் வீட்டிற் செய்து பார்க்க இரு கணக்குகள்: மேற்கூறிய 486 கணனியில் நூறு வேண்டுகோள்களில் 80 மாத்திரமே பதுக்கு நினைவகத்திற் கிடைப்பின் சராசரி நேரம் என்ன? மூன்றரைக் கிகாபைற் நினைவகத்தை, இரண்டின் அடுக்கான பரப்புகளால் மாத்திரம் மூடுவதற்கு எத்தனை பதிவகங்கள் வேண்டும்? பரப்புகளைக் கூட்டினால் மூன்று தேவைப்படும். ஒரு பெரிய பரப்பைப் பதுக்கலாம் என்றும் அதனுள் ஒரு சிறு பரப்பைப் பதுக்கலாகாது என்றும் குறித்துக் கழிக்க இடமளித்தால் இரண்டே போதும். அது எவ்வாறு என்பதை எழுதி, அடுத்த தவணை முதற் சனிக்கிழமை என்னிடம் காட்டுங்கள்.